கை போச்சு விளையாட்டு

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வேலை செய்தால்தான் எனக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. மற்ற மீன் கம்பெனிகளுக்குள் போனால் இழவு வீடு மாதிரி இருக்கும். எங்கள் கூடத்தில் எப்போதும் பாட்டு ஓடும். மேஸ்திரி என்றால் உறும வேண்டுமா என்ன? என்னைச் 'சுப்ராயண்ணே' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

வேலைக்குப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளாகவே எடுத்தேன். சட்டம் தெரியும். ஆனால் பெரியவர்கள் கேள்வி கேட்பார்கள். பிள்ளைகள் பாட்டுச் சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் வந்த வாரம். மீன் குவிந்து கிடந்தது, ஐஸ் போதவில்லை. ஐஸ் உடைக்கும் மெஷினின் மூடியைத் திறந்தால் பல்சக்கரம் தானாக நின்றுவிடும். ஒவ்வொரு ஐஸ் கட்டி போடவும் நின்று நின்று ஓடினால் எப்படி? மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அது இல்லாமலும் சக்கரம் ஓடும்படி மூடியோடு சேர்ந்த ஸ்விட்சைக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். அப்புறம் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐஸ் தூள் மழையாகப் பறந்தது. தலையெல்லாம் வெள்ளையாகி, குற்றாலத்துக்கு வந்ததுபோல் பிள்ளைகள் ஆட்டம் போட்டார்கள்.

வெண்மதிக்கு மட்டும் பயம். கோட்டுச்சேரிமேட்டுப் பெண், பதினாறு வயது. "மூடியப் போட்டுடுங்கண்ணே. கட்டி சிக்கிக்கிட்டா கைய விட்டுல்ல தள்ள வேண்டியிருக்கு" என்றாள்.

பயத்தைச் சிரிப்பால்தான் போக்க வேண்டும். ஒரு கட்டியைத் தள்ளுவதுபோல் போய், சட்டைக் கைக்குள் கையை இழுத்துக்கொண்டு "ஐயோ, கை போச்சு" என்று கத்தினேன். வெண்மதி அலறிவிட்டாள். பிறகு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்று முழுக்க அதுதான் விளையாட்டு. அஃப்ரித் கத்துவான், மர்யம் கத்துவாள். சாயங்காலத்துக்குள் வெண்மதியும் கத்தப் பழகிவிட்டாள்.

அதனால்தான் மறுநாள் அவள் கத்தியபோது எல்லாரும் சிரித்தார்கள். அஃப்ரித் கைகூடத் தட்டினான். "இல்லண்ணே, நெசமாத்தாண்ணே" என்றாள். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

ஐஸ் சிவந்ததை நான் பார்த்தேன். மறைக்க மாட்டேன். மெயின் ஸ்விட்ச் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. லாரி நிரம்பக் கொஞ்சம்தான் பாக்கி. நானும் சிரித்தேன். என் முகம் மாறினால் பிள்ளைகள் கலவரப்பட்டுவிடுவார்கள் இல்லையா? மர்யம்தான் என்னைத் தள்ளிவிட்டு ஸ்விட்சை அணைத்தாள். அவள் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கம்பியை அவிழ்த்து மூடியை மாட்டினேன். வெண்மதியே மூடியைக் கழற்றிவிட்டாள் என்று வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மா குஞ்சம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வெளாட்டுப் புள்ள, வெவரம் தெரியாம கழட்டிடுச்சு. உங்களுக்குத்தான் எவ்வளவு சங்கடம். மனசுல வச்சுக்காதீங்க."

அந்த அம்மாவைத் தூக்கி நிறுத்தினேன். மனசார மன்னித்துவிட்டேன், ஐயா.