வேலாயிக்குப் பதில் கொண்டுபோன பூரணம் அம்மையாருக்கு

நுவரெலியாக் குளிரிலும் வட்டவளை மழையிலும் வாடாத முகத்தோடு வலம்வந்து, மலையகத் தோட்டங்களின் சுவாச நோய் ஆய்வுப் பிரிவில் முதுநிலைத் தாதியாய் முத்திரை பதித்து, இன்று ஓய்வுபெறும் திருமதி பூரணம் அம்பலவாணர் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமுவந்து வாசித்தளிக்கும் மடல்!

பண்பின் உறைவிடமே! பணியின் மறுபெயரே! பனி மூடிய பாதையில் பனிக்கட்டிப் பெட்டியைப் பக்குவமாய்ச் சுமந்த பெருந்தகையே! யாழ்ப்பாண மண்ணில் பிறந்து, தேயிலை மலையின் இருமலுக்கெல்லாம் இரங்கிய தாதிமணியே!

இந்த இடத்தில் நீங்கள் கையை உயர்த்தி "காணும், காணும், போதும்" என்பீர்கள் என்பது எழுதும்போதே எங்களுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுகிறவர் நீங்கள். ஆகவே உங்களை உங்கள் நாற்காலியிலேயே விட்டுவிட்டு, பூரணம் அம்மையார் என்ற ஒருவரைப் பற்றி இந்தச் சபைக்குச் சொல்கிறோம். நீங்களும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருங்கள்.

கோழிகளுக்கு வரும் பறவைக் காய்ச்சல் மனிதரையும் தொற்றிக் கொல்லும் என்ற சேதி தொண்ணூறுகளின் கடைசியில் ஹொங்கொங்கிலிருந்து வந்தபோது, நாங்கள் அதை வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தோம். அம்மையாருக்கு மடித்துவைக்க மனம் வரவில்லை. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில், ஒற்றை அறைக் காம்பிராக்களில் மனிதரும் கோழியும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதை நாள்தோறும் பார்க்கிறவர் அவர். சில ஆண்டுகளில் ஆசியாவெங்கும் அந்த நோய் பரவ, எங்கள் பிரிவும் ஓர் ஆய்வைத் தொடங்கியது. கோழி வளர்ப்போரின் இரத்தத்தில் அந்தக் கிருமி வந்துபோன தடயம் உண்டா என்று தேடுவதே வேலை. ஊசியைக் கண்டதும் சனம் ஓட்டம் பிடித்தது. "அட்டை ரத்தம் குடிக்கிறது பத்தாதுன்னு இவங்க வேற வந்துட்டாங்க" என்று கந்தப்பளையில் ஒருத்தி எங்களை வாரியதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்.

2006ஆம் ஆண்டு சிரிப்பெல்லாம் அடங்கிப்போனது. கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. கோழிகளுக்கு வழக்கமாக வரும் கழிச்சல் நோய்தான் அது என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அதற்குள், மிச்சமுள்ள கோழிகளை அரசாங்கம் பிடித்து எரிக்கப் போகிறது என்ற வதந்தி லயம் லயமாக ஓடிவிட்டது. அந்த லயங்களில் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல்கள் இருந்தன. சாமிக்கென்று விட்ட சேவல்மீது அடுத்தவர் கை வைத்தால் நேர்த்தி கெட்டுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் வெளியே திரிந்த சேவல்களை எல்லாம் வீட்டுக்குள் கொண்டுபோய் ஒளித்தார்கள். நோய்க்குப் பயந்து நாங்கள் கோழியிடமிருந்து மனிதரைத் தள்ளிவைக்கப் பார்க்க, எங்களுக்குப் பயந்து அவர்கள் கோழியைப் பாய்க்குப் பக்கத்திலேயே கட்டிவைத்தார்கள்.

கொழுந்து பறிக்கும் வேலாயியின் வீட்டிலும் ஒரு சேவல் இருந்தது. கொழும்பில் கடை வேலைக்குப் போன ஒரே மகன் மதுரன், யுத்த காலத்துப் பொலிஸ் கெடுபிடி எதிலும் அகப்படாமல் நல்லபடியாக வீடு வந்து சேரவேண்டும் என்று நேர்ந்துவிட்டது. மதுரன் திருவிழாவுக்கு வந்தான். வந்தவன் காய்ச்சலோடு வந்தான். சேவல் கட்டியிருந்த அதே காம்பிராவில் படுத்தான். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது அம்மையார் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எங்க வீட்டுல கோழியே இல்லீங்க" என்றார் வேலாயி. தொண்டைச் சளி எடுத்து, மனிதரிடையே வழக்கமாகப் பரவும் சாதாரணக் காய்ச்சலான ஃபுளூவுக்கு மட்டும் பார்த்தார்கள். அது இருப்பதாகத் தெரிந்தது. அந்த வாரமே மதுரன் இறந்துபோனான். சாவு வீட்டில் வேலாயி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

காரியம் முடிந்த பிறகு, வேலாயி கொழுந்துக் கூடைக்குள் சேவலைப் போட்டு, கூடையைத் துணியால் மூடி, எங்கள் பிரிவுக்கு வந்து நின்றார்.

"பொய் சொல்லிட்டேன் சிஸ்டரம்மா. இது உள்ளதான் இருந்திச்சு. அறுத்துப் பாருங்க. இதுதான் எம்புள்ளயக் கொன்னிச்சா? நாந்தான் கொன்னேனா?"

அம்மையார் கூடையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, வேலாயியைக் கைபிடித்து உட்காரவைத்தார். "அறுக்கத் தேவையில்லை. இதின்ரை சளியும் உங்கடை இரத்தமும் காணும். பிள்ளையின்ரை சளியிலும் மிச்சம் வச்சிருக்கினம். நான் கேட்டுக்கொண்டு வாறன்" என்றார்.

சாதாரணக் காய்ச்சல் என்று தெரிந்த பின் மறுபடி எதற்குப் பரிசோதனை என்று கேட்டார் அப்போதைய பொறுப்பு மருத்துவர். கேட்டதில் தப்பில்லை; இரசாயனப் பொருள்கள் அரிதாகக் கிடைத்த காலம். அம்மையார் குரலை உயர்த்தவில்லை.

"ஒரு ஆளுக்கு ரெண்டு காய்ச்சலும் ஒண்டா வரலாம் டொக்டர். வந்திருந்தா அது உலகத்துக்கு அலுவல். வரேல்லையெண்டா அது அந்தத் தாய்க்கு அலுவல். ரெண்டுக்கும் நாங்கள்தானே பொறுப்பு?"

மருத்துவர் ஒப்பமிட்டார். இரத்தத்தில் தடயம் தெரிய எடுக்கும் சில வாரங்கள் வரை பொறுத்து, வேலாயியின் கையில், அன்று எடுத்தது போக, மறுபடியும் இரத்தம் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அம்மையார் கொழும்பு ரயில் ஏறினார். அடையாள அட்டையில் பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று பார்த்துவிட்டு வழியெல்லாம் சோதனைச் சாவடிகளில் மறித்தார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்ன ஒவ்வோர் இடத்திலும், குளிர் போகுமுன் மூடவேண்டும் என்று சிங்களத்தில் கெஞ்சினார். தன்னைச் சந்தேகித்ததைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசாதவர், பெட்டிக்குள் வெப்பம் ஏறியதைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டார்.

பதில் வந்தது. சேவலில் இல்லை. தாயின் இரத்தத்தில் இல்லை. மகனின் சளியில் இல்லை. பட்டணங்களில் பலருக்கும் வந்த சாதாரணக் காய்ச்சல்தான் நெஞ்சில் இறங்கி அவனைக் கொண்டுபோயிருக்கிறது.

தோட்ட டிஸ்பென்சரிக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். அம்மையார் பஸ் ஏறி, மலை ஏறி, கொழுந்து பறிக்கும் இடத்துக்கே போனார். துணைக்குப் போன எங்கள் பிரிவுத் தாதி நிஷாந்தி அங்கே கேட்டதை அப்படியே எழுதுகிறோம்.

"சேவலாலை இல்லை, வேலாயி. உங்களாலையும் இல்லை."

"ஒரு நாள் முந்திக் கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பானா சிஸ்டரம்மா?"

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்! அம்மையார் சொல்லவில்லை. "அது எனக்குத் தெரியேல்லை. எந்தப் பரிசோதனையும் அதைச் சொல்லாது. சேவல் கொல்லேல்லை எண்டது மட்டும் எனக்கு வடிவாத் தெரியும்."

வேலாயி கூடையைக் கழற்றிக் கீழே வைத்தார். "கொன்னவ அழக்கூடாதுன்னுதாங்க இருந்தேன்" என்றார். பிறகு, உத்தரவு கேட்பவர்போலக் கேட்டார்: "இனி நான் எம்புள்ளைக்காக அழலாங்களா?"

அன்று அந்த மலையில் யாரும் மேற்கொண்டு கொழுந்து பறிக்கவில்லை. பெண்கள் கூடிவந்து வேலாயியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். எங்கள் பூரணம் அம்மையாரும் அவர்களோடு ஈர மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

அம்மையாரே! ஆய்வின் முடிவு அச்சில் வந்தபோது, அந்தத் தோட்டத்து மக்களிடம் பறவைக் காய்ச்சலின் தடயம் இல்லை என்று ஒரே வரியில் முடிந்தது. இவ்வளவு பாடுபட்டு ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையே என்று கேட்டவர்கள் உண்டு. அந்த 'இல்லை'க்காக ஒரு தாய் எப்படிக் காத்திருந்தாள் என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். தம் பெயரைச் சொல்லியே வாசிக்கச் சொன்ன வேலாயி, இதோ இந்த மண்டபத்தில்தான் அமர்ந்திருக்கிறார்.

நலமோடும் நல்ல நித்திரையோடும் நீங்கள் நெடுங்காலம் வாழவேண்டும். நாளை எங்களிடமும் யாராவது வந்து "நானா கொன்னேன்?" என்று கேட்கக்கூடும். உண்மையை அறியாமல் ஆறுதல் சொல்லவும், அறிந்த பின் தொலைபேசியில் சொல்லவும், இனி எங்களுக்கு மனம் வராது.

இவ்வண்ணம்,
ஆய்வுப் பிரிவின் மருத்துவர்கள், தாதியர், ஆய்வுகூடத்தார், சாரதிகள், சிற்றூழியர்
நுவரெலியா, 2008