லீவு போடாத வாத்தியார்

சாயங்காலம் ஐந்தரை மணி. 1934, ஆனி மாதம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் ஆளே இல்லை. சாரல் மட்டும்... மேகம் இறங்கி அந்நேரமே இருட்டிவிட்டது. விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள், சொல்கிறேன். இது என் சேக்காளி மசூது இருக்கிறானே, அவனுடைய மாமாவுக்கு நடந்தது.

மாமா பெயர் துல்கர்னைன். பதில் வாத்தியார். யாராவது லீவு போட்டால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவார். லீவு முடிந்தால் இவர் வேலையும் முடிந்தது. நிரந்தரமாக ஒரு இடம் கிடைக்காதா என்று ஏங்காத நாள் கிடையாது.

அப்போது அந்தச் சாலையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் மாமா பதிலுக்கு இருந்தார். பத்து நாள் லீவு போட்டிருந்த வாத்தியார் சங்கரநாராயணன். பாவி! முந்தின வருஷம் குழல்வாய்மொழி என்ற எட்டு வயதுப் பிள்ளையை ரூல்தடியால் மண்டையில் அடித்தான். அன்று ராத்திரியே பிள்ளை செத்துப்போனது. ரிஜிஸ்டரில் அந்த நாளுக்கு நேராக 'வரவில்லை' என்று எழுதிவைத்துவிட்டான். போலீஸ் எழுத்தைத்தான் நம்பியது. தாய் முப்பிடாதி பள்ளிக்கூடத்துக் கிணற்றில் விழுந்து செத்தாள்.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு மாமா கதவைச் சாத்தப் போனார். குப்பென்று கிணற்றுப் பாசி வாடை... சொட்... சொட்... வாசலில் ஈரச்சேலையோடு ஒருத்தி.

"சங்கரநாராயணன் எங்கன?"

யாரென்று மாமாவுக்குப் புரிந்துவிட்டது.

"நான் பதிலுதான் தாயி... அவரு குத்தாலத்துல, தேரடிப் பக்கம் தங்கியிருக்காரு."

பயத்தில் சொன்னதுதான். ஆனால் அவன் போனால் இந்த வேலை நமக்கு என்று ஒரு நினைப்பும் ஓடியதாம். மாமாவே பின்னால் ஒத்துக்கொண்டார்.

"எம்மவ அன்னைக்கு வந்தாள்னு நீயாவது எழுதுதியா?"

"எழுதுதேன்."

மறுநாள், உள்ளே தாழ்போட்ட அறையில், காய்ந்த பாயில் சங்கரநாராயணன் பிணமாகக் கிடந்தான். வாய் நிறையப் பாசித் தண்ணீர்.

வேலை மாமாவுக்கு வந்தது. சொன்னபடி பழைய ரிஜிஸ்டரைத் திறந்தார். பள்ளிக்கூட மானேஜர் பார்த்துவிட்டார்.

"அதத் தொட்டீருன்னா வேல கெடயாது வே."

மாமா பேனாவை மூடிவிட்டார்.

அதன்பின் பத்து வருஷம் ஒரு நாள் லீவு போட்டதில்லை. காய்ச்சலிலும் போனார். மாமி மவுத்தான அன்றும் அடக்கம் முடிந்த கையோடு போய் மணி அடித்தார். ஊரே மெச்சியது. அவருக்கல்லவா தெரியும்... லீவு போட்டால் அந்த நாற்காலியில் ஒரு பதில் வாத்தியார் வந்து உட்காருவான்.

போன ஆனியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. "எனக்குப் பதிலு போடாதீங்க" என்று கத்தினார். யார் கேட்டார்கள்? பதிலுக்குப் போன அய்யாத்துரை சாயங்காலம் அவரைப் பார்க்க வந்தான். மசூது கட்டில் பக்கத்தில்தான் இருந்தான்.

"ஏலே, அந்தப் பழைய ரிஜிஸ்டர எடுத்துட்டு வா. ஒரே ஒரு இடம் திருத்தணும்..." மாமா கெஞ்சினார்.

"அத அந்த அம்மாவே கையோட வச்சிருக்காவ அய்யா. ஒங்க வீடு எங்கனன்னு கேட்டாவ... கூட்டியாந்துட்டேன். வாசல்ல நிக்காவ."