அப்பா பாத்துக்கிடுதேன்

— மிசின நிறுத்துங்கப்பா. நேத்து காலேஜ்ல என்ன சொன்னாங்கன்னு இன்னொருக்கா சொல்லுங்க.

— ஏட்டி அனுசுயா, கம்பெனிக்கே வந்துட்டியா? ஞாயித்துக்கெழம அரை ஷிப்டுதான, மத்தியானம் வீட்டுக்கு வருவேன்லா? கட்டிங் டேபிள் பக்கத்துல நிக்காத, பஞ்சு மூக்குல ஏறும்.

— ஏறட்டும். சாயங்காலம் சென்னைக்கு ரயிலு. நாளைக்குக் காலையில எனக்குக் கவுன்சிலிங். என்ன சொன்னாங்க, அதச் சொல்லுங்க.

— தர மாட்டேன்னுட்டான், கேட்டியா. சேந்தது சேந்ததுதானாம். மார்க் ஷீட்டு, டி.சி., ஒண்ணும் வெளிய வராதாம்.

— ஒரிஜினல் இல்லாம கவுன்சிலிங் ஹாலுக்குள்ளயே உட மாட்டாங்கப்பா.

— தெரியும் தாயி.

— தெரிஞ்சுமா கொண்டு போய்க் குடுத்தீங்க? என்னைய ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா?

— நல்லதுக்குத்தான் செஞ்சேன். சாயப்பட்டறைக்குத் துணி எப்படிப் போடுதோம்? முந்தியே போய் டர்ன் போட்டு வைக்கணும், இல்லன்னா கடைசில நாமதான் கையப் பெசஞ்சுக்கிட்டு நிப்போம். அதே மாதிரி தாராபுரம் ரோட்டு காலேஜ்ல உனக்கு ஒரு சீட்டப் புடிச்சு வச்சேன். காலேஜ் பஸ்ஸு நம்ம தெருமுக்குலயே நிக்கும், கேட்டியா.

— நான் என்ன துணியாப்பா?

— வாய்க்கு வந்ததப் பேசாத. அப்ளிகேசன் வாங்க வெயில்ல வரிசையில நின்னது யாரு? கையெழுத்துக்கு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சது யாரு? நீ படி, மத்ததெல்லாம் அப்பா பாத்துக்கிடுதேன்னு சொன்னேன்லா?

— சொன்னீங்க. நானும் பேசாம உட்டுட்டேன். எங்க டீச்சரு, கிண்டி காலேஜே கெடைக்கும்னாங்க. கூடப் படிச்ச புள்ளைங்கெல்லாம் எந்தப் பிரிவு எடுக்கலாம்னு பேசுதுங்க. நான் மட்டும் இங்க வந்து உங்ககூட மல்லுக்கட்டிட்டு நிக்கறேன்.

— அழாத பிள்ள. எல்லாரும் பாக்காவ.

— பாக்கட்டும்! ராமரண்ணனுக்கு இப்படியெல்லாம் செஞ்சீங்களா? அவனேதான அப்ளிகேசன் போட்டான், அவனேதான மெட்ராஸ் காலேஜ்ல போய்ச் சேந்தான். அவனுக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?

— அவன் பேச்ச எடுக்காத.

— ஏன் எடுக்கக் கூடாது?

— ஒன் அம்மைக்குக் கொள்ளி வைக்க வந்தானாட்டி அவன்? சாம்பல் அள்ளுத காடாத்துக்குத்தான் வந்தான். பரிச்சைன்னு சொல்லிட்டு மறுநாளே போயிட்டான். பொறவு எட்டிப் பாத்தானா? ஒரு போன் உண்டா? எல்லாம் என் தப்பு. அவன் போக்குல விட்டேன், கேட்டியா. வெளங்காத பய.

— அவன் செஞ்சதுக்கு நான் என்னங்கப்பா பண்ணுவேன்? நான் வருவேன். வாராவாரம் வருவேன். சத்தியமா வருவேன்.

— அவனும் இதத்தான் சொன்னான்.

— உங்க செல்லக் குடுங்க.

— எதுக்கு?

— காலேஜ் ஆபீஸ்காரரு நம்பரு இதுல இருக்குதில்ல? நானே கேக்கறேன். கால்ல உழுந்தாவது கேக்கறேன்.

— ஞாயித்துக்கெழம எவன் எடுப்பான்? குடு இங்க. அப்பா பாத்துக்கிடுதேன்.

— கைய எடுங்கப்பா... ஹலோ, சாருங்களா? வணக்கமுங்க. கட்டிங் மாஸ்டர் இசக்கிமுத்து பொண்ணு அனுசுயா பேசறனுங்க... ஆமாங்க சார், அந்த ஒரிஜினல் விசயமாத்தானுங்க. எப்படியாவது மனசு வெச்சு... என்னங்க சார்?... நேத்தா?... எங்கப்பாவா?... இல்லீங்க, எனக்குத் தெரியாதுங்க... இப்பவே பொறப்பட்டு வந்தாக் கெடைக்குங்களா?... பீரோ சாவிய பிரின்சிபாலு கொண்டு போயிட்டாருங்களா?... அவரு எப்ப வருவாருங்க?... செவ்வாக்கெழமையா... செரிங்க சார்... இல்லீங்க, அழுகலீங்க. வெச்சர்றனுங்க.

— நாந்தான் சொன்னேனே, வேண்டாம்னு.

— அப்பா.

— என்ன?

— நேத்து இந்த ஆபீஸ்காரரு பீரோவத் தொறந்து, எல்லாத்தையும் எடுத்து உங்க கையிலயே குடுத்தாராமா. நல்ல மார்க்குங்க, புள்ளைய நல்ல காலேஜ்ல சேருங்கன்னாராமா.

— குடுத்தான்.

— அப்புறம்?

— ஒவ்வொரு மார்க்கா வாசிச்சேன், கேட்டியா. கணக்குல இருநூத்துக்கு இருநூறு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. பொறவு எல்லாத்தையும் அவன் கையிலயே திருப்பிக் குடுத்து, நானே வந்து கேட்டாலும் தராதீங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன், தாயி.