கொப்பரைக் கிட்டங்கியின் பூட்டை உடைத்த காரணம்

பெயர் பூவம்மா. கணவர் பெயர் செல்லக்கண்ணு. வயது முப்பத்தெட்டு இருக்கும். தொழில், ரோட்டுக்குச் சல்லி உடைப்பது. இருப்பு, சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங் ரோட்டோரக் கூலி லயம். 1914ஆம் வருடம் டிசம்பர் மாதம், போலீஸ் ஸ்டேஷனில் நான் தமிழில் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

எங்கள் லயத்திலிருந்து டவுனுக்குப் போகும் வழியில் பழைய ரயில் ஸ்டேஷன் ஒன்று இருக்கிறது. ரயில் ஓடிய காலத்தில் நான்தான் அதைக் கூட்டிப் பெருக்கினேன். பெண்கள் உட்கார அங்கே தனி அறை உண்டு. ரயில் நின்றுபோன பிறகு ஒருவர் அதில் ஆடு அடைத்தார். மழை வந்தால் நாங்களும் ஆட்டோடு ஆடாக ஒதுங்குவோம், அவர் ஒன்றும் சொன்னதில்லை. அதன் பிறகு இந்த வருடம் தனசேகரன் முதலாளி அதைக் குத்தகைக்கு எடுத்து, பிளாட்பாரத்துக் கூரைத் தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டு, அறைகளில் கொப்பரை மூட்டைகளை அடுக்கிக் கிட்டங்கியாக்கிப் பூட்டி, நூருல் அமீன் என்பவரை ஜாகாவாகக் காவலுக்கு வைத்தார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் லயத்துச் சுந்தரத்தின் மனைவி ரத்தினம்மாவுக்கு இடுப்பு வலி கண்டது. நிறைமாதக்காரி. ரோட்டில் வெள்ளம் ஏறி மாட்டுவண்டி வராததால், வேலையிலிருந்து வந்த கோலத்திலேயே நான் அவளை மேடான பழைய தண்டவாளப் பாதை வழியாக ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப்போனேன். ஸ்டேஷன் கிட்டே வரும்போது மழை கொட்டியது, அவளுக்குப் பனிக்குடமும் உடைந்துவிட்டது. அதன் பிறகு அவளால் ஓர் அடி வைக்க முடியவில்லை.

கதவைத் திறக்கச் சொல்லி ஜாகாவிடம் கேட்டேன்.

"சாவி முதலாளிகிட்ட இருக்குக்கா. உடைச்சா என் வேலை போயிடும்" என்றார்.

"அப்ப நீங்க தள்ளி நில்லுங்க தம்பி. நான் உடைக்கிறேன்" என்றேன்.

சல்லிச் சுத்தியல் கையில் இருந்தது. உடைத்தேன். உடைக்கவில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்லமாட்டேன். அந்தப் பெண்கள் அறையிலேயே மூன்று மூட்டைகளைச் சேர்த்துப் போட்டு அவளைப் படுக்க வைத்தேன். அதன் பிறகு பொழுது சாயும் நேரத்தில் பிள்ளை பிறந்தது. ஜாகா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெந்நீர் கொடுத்தார், பிள்ளையைச் சுற்றத் தன் மாற்றுக் கைலியையும் நீட்டினார். மற்ற மூட்டைகளை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை முதலாளி வந்தார். படி ஏறாமல் வெளியே நின்று, "தீட்டாயிடுச்சே! இந்தச் சரக்கை இனி எவன் தொடுவான்?" என்று கத்தினார். பச்சை உடம்புக்காரி காதில் விழுமே என்று கொஞ்சமும் நினைக்கவில்லை. அதன் பிறகு நாங்கள் அவளைத் தூளி கட்டி லயத்துக்குத் தூக்கிப்போனோம். முதலாளி நேரே இங்கே வந்து, நான் திருடப் புகுந்ததாகவும் சரக்கு முழுவதும் அசுத்தமாகி வீணானதாகவும் பிராது கொடுத்திருக்கிறார்.

வெள்ளம் வடிந்து அன்று மத்தியானமே அத்தனை மூட்டைகளும் வண்டிகளில் எண்ணெய் ஆலைக்குப் போயின. ரோட்டில் சல்லி உடைத்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ரத்தினம்மா படுத்த மூட்டைகளும் போயின. வண்டியில் ஏற்றியதும் தீட்டு கழிந்துவிட்டதா என்று அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். என்னைத் திருடி என்று சொல்ல அவருக்கு வாய் கூசவில்லை.

அவருடைய பிராதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் பூட்டு இருக்கிறது, கொப்பரை இருக்கிறது, என் சுத்தியல்கூட இருக்கிறது. அங்கே ஒரு பிள்ளை பிறந்தது என்ற பேச்சே இல்லை. ஆகையால், அது பெண் பிள்ளை என்றும், தாயும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் இதில் எழுதினால்தான் விரல் வைப்பேன் என்றேன். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், கேட்டேன். நான் சொன்னதில் பொய் கிடையாது. இப்போது வைக்கிறேன்.

பூவம்மா, இடது கைப் பெருவிரல் ரேகை.