பிரிக்காத இருபத்து மூன்று அட்டைகள்

பிளாஸ்டிக்குக்கு முதல் எதிரி வெயில், இரண்டாவது எதிரி குழந்தைகள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்தீர்கள், பரவாயில்லை மேடம். டேட்டன் நகரைச் சுற்றி நடக்கும் பழைய பொம்மைச் சந்தைகளில் முப்பத்தொரு வருடமாக ஒரு மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் வென்டல் ஸ்ட்ரப். ஆட்கள் தங்கள் சின்ன வயதை அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு வருவார்கள். நாய் கடித்த வீரன், பல்லால் விரல் பிய்ந்த வீரன், பட்டாசு கட்டிப் பாதி உருகிய வீரன். இது எவ்வளவுக்குப் போகும் என்று கேட்பார்கள். ஒன்றுக்கும் போகாது என்று மரியாதையாகச் சொல்வதுதான் என் வேலை.

வெளியாட்களுக்கு இது புரிவதில்லை. கடையில் தொங்கிய அதே அட்டையில், அதே பிளாஸ்டிக் குமிழுக்குள் இருக்கிற வரைக்கும்தான் அதற்கு மதிப்பு. பிரித்துவிட்டால் அது வெறும் பொம்மை. அதனால் எங்களுக்குச் சில பழக்கங்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு அட்டையைத்தான், இரண்டு கையாலும் பிடித்து எடுப்போம். அடுக்கித் தூக்க மாட்டோம், அவசரப்பட மாட்டோம். எடுத்த ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து, எத்தனை மணிக்கு, எந்த நிலையில் எடுத்தோம் என்று ஒரு தாள் எழுதுவோம். தாள் இல்லாத பொருளை நானே மதிக்க மாட்டேன்.

நீங்கள் கேட்கிற மிஸஸ் பிகலோவின் கணவர் ஹார்லன், பக்கத்து ஊரான ஸீனியாவில் பொம்மைக்கடை வைத்திருந்தார். 1979-இல் கடையை மூடிய அன்று, விற்காமல் நின்ற ஒரு சுழல் ஸ்டாண்டை அப்படியே வீட்டுக் கீழறைக்குக் கொண்டுவந்துவிட்டார். உச்சியில் அட்டையால் செய்த ராக்கெட், சுற்றிலும் கம்பிக் கொக்கிகளில் 'வளையக்கோள் காவலர்கள்' இருபத்து நான்கு பேர். அந்த மாதிரி ஸ்டாண்டுகளை சீசன் முடிந்ததும் கடைக்காரர்கள் குப்பையில் போட்டுவிடுவார்கள். பொம்மைகள் அங்கங்கே தப்பின, ஸ்டாண்டுகள் தப்பவில்லை. முழுதாக ஒன்று எங்கேயாவது இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. முதல் தடவை பார்த்தபோது அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இரண்டு வருடம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் போனேன். தூசி தட்டுவேன், ஈரப்பதம் பார்ப்பேன், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டுவேன். காசு வாங்கியதில்லை. மிஸஸ் பிகலோ ஸ்பகெட்டியின்மேல் சில்லி என்கிற கறிக்குழம்பை ஊற்றித் தட்டோடு கீழே வருவார். நான் அவரை மாடிக்கே திருப்பி அனுப்பி, அங்கே போய்ச் சாப்பிடுவேன்.

"ஏன் கண்ணு, இதுங்களுக்கு ஜுரம் கிரம் ஏதாவதா? வாரா வாரம் வந்து பாக்குறியே. என் டாக்டரே என்னை வருஷத்துக்கு ஒரு தடவதான் பாக்குறாரு."

நல்ல மனுஷி. எனக்கு அவரைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில்தான் அந்தப் பேச்சை எடுத்தார். சர்ச் ஞாயிறு வகுப்பில் இருபத்து நான்கு பிள்ளைகளாம். "கணக்கு சரியா இருக்கு பாரு, ஹார்லன் எண்ணி வெச்ச மாதிரி," என்றார். கிறிஸ்துமஸ் விருந்தில் ஆளுக்கொன்று கொடுக்கப்போகிறாராம். நான் ஒரு மணி நேரம் பேசினேன். அத்தனை பிள்ளைகளுக்கும் புதுப் பொம்மை நானே வாங்கித் தருகிறேன் என்றேன்.

"புதுசு யார் வேணா வாங்கலாம்பா. இது என் வீட்டுக்காரர் கடையில யாருமே வாங்காம நின்னுபோனது. ஒரு புள்ள கூட கேக்கலையே, ஒரு புள்ள கூட கேக்கலையேன்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு அந்த மனுஷன். இப்பவாவது பசங்க கைக்குப் போகட்டும்."

கடைக்காரர் மனசு ஆற வேண்டுமென்று கடையைக் கொளுத்துவார்களா? இந்த ஊரில் கொளுத்துவார்கள், அதற்குக் கேக்கும் வெட்டுவார்கள். எனக்கு அந்த வாரம் தூக்கமே வரவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். விருந்து இரண்டு மணிக்கு. ஒவ்வொரு அட்டையின் முகப்பிலும் ஒரு பிள்ளையின் பெயரைச் சீட்டில் எழுதி, டேப் போட்டு ஒட்டியிருந்தார். சாதாரண வீட்டு டேப். என் கண்முன்னாலேயே சரிபார்ப்பதற்காக ஒன்றைப் பிரித்தும் காட்டினார். அந்தப் பொம்மைகளின் இடுப்புக்குள் ஒரு ரப்பர் வளையம் உண்டு, இத்தனை வருடத்தில் அது மக்கிப்போகும். காவலன் இரண்டு துண்டாக அவர் உள்ளங்கையில் விழுந்தான்.

"அடப் பாவமே, நின்னு நின்னே இடுப்பு போச்சு. எனக்கும் அதே கதைதான்!" என்று சிரித்தார். "தலைமுடிக்குப் போடுற ரப்பர் ஒண்ணு மாட்டினா சரியாயிடும். பசங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

எனக்குக் கோபம் வரவில்லை. கசப்புதான் வந்தது, வாயிலேயே தெரிந்தது. உதவி செய், இல்லையென்றால் வழியை விடு என்றார். ராக்கெட் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார். நான் இரண்டு படி பின்னால் ஏறினேன். பாதிப் படியில் அவர் செருப்பு வழுக்கியது. நான் தள்ளவில்லை. என் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன, நீட்டினேன். ராக்கெட் கைக்கு வந்தது. ஒரு மடிப்புகூட விழவில்லை.

அவர் கீழே, கடைசிப் படிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் கிடந்தார். நினைவு இருந்தது.

"கண்ணு, போன் பண்ணு."

"இதோ ஒரு நிமிஷம், மிஸஸ் பிகலோ," என்றேன்.

அடிபட்டவரை அசைக்கக் கூடாது என்பார்கள், நான் அசைக்கவில்லை. மாடிக்குப் போனேன். சமையலறைச் சுவரில் போன் இருந்தது. அதைத் தாண்டிக் குளியலறைக்குப் போய் அவருடைய ஹேர் டிரையரை எடுத்து வந்தேன். டேப்பை மெல்லச் சூடாக்கி எடுத்தால்தான் அச்சு உரியாது. ஒரு அட்டைக்கு நாலு நிமிடம் பிடிக்கும். ஒவ்வொன்றாக, இரண்டு கையாலும் பிடித்து, அவரைத் தாண்டி, படியேறி, காரில் கொண்டுபோய் வைத்தேன். திருட்டு என்று எழுதாதீர்கள். ஒன்றைக்கூட விற்க நினைத்ததில்லை.

நான் போகும் முன்பே அவர் விழுந்துகிடந்தார் என்று உங்கள் ஆளிடம் முதலில் சொன்னது பொய். அதன் பிறகு என் காரில் இருந்த இருபத்து மூன்று தாள்களை நீங்கள் மேசையில் பரப்பினீர்கள். முதல் தாளில் 10.31, கடைசித் தாளில் 12.03, எல்லாம் என் கையெழுத்து. ஆம்புலன்ஸை அழைத்தது 12.10-க்கு. அரை மணிக்குள் அழைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னீர்கள். அந்தத் தாள்களை எழுதாமல் விட்டிருக்கலாமே என்று என் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு இந்தத் தொழில் தெரியாது.

அவர் கூப்பிட்டாரா என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். டிரையர் சத்தத்தில் கேட்கவில்லை என்று நேற்று சொன்னேன். கேட்டது. முதலில் போன், போன் என்றார். ஐந்தாறு அட்டைக்குப் பிறகு புத்தி கொஞ்சம் தடுமாறிவிட்டது. நான் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"அது யாருக்குப்பா?"

"ஓவன்னு போட்டிருக்கு."

"ஓவன் நல்ல பையன். நீல உடுப்புக்காரனைக் குடு, அவனுக்கு நீலம்னா உசிரு."

ஆகட்டும் என்றேன். சீட்டை உரித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெயரையும் நானே சத்தமாக வாசித்தேன். அவருக்கு ஆறுதலாக இருந்தது, குரலிலேயே தெரிந்தது. அந்த நேரத்தில் அவரிடம் நான் அன்பாகத்தான் நடந்துகொண்டேன். பதினான்காவது அட்டையில் மார்கோ என்று இருந்தது. வாசித்தேன், பதில் வரவில்லை. டிரையரை அணைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தேன்.

அப்போதாவது போனுக்குப் போயிருக்கலாமே என்கிறீர்கள். இன்னும் பத்து அட்டைகளில் டேப் இருந்தது, மேடம்.