இறக்கத்தில் ஏறிய சார்ஜ்

முத்துலிங்கம்: பாருங்க சேர், மீட்டர பாருங்க! அட்டன்ல நீங்க ஸ்டியரிங்ல உக்காரும்போது அறுவது. இப்ப அறுவத்தி மூணு!

சுகிர்தன்: எட... ஓட ஓடச் சார்ஜ் கூடுதோ?

முத்துலிங்கம்: அதுதாங்க சேர் கரண்டு காரு. கால எடுத்துட்டு சும்மா உக்காருங்க. எறக்கத்துல சக்கரம் சுத்துற சுத்துல கரண்டு தன்னால ஊறும். பெட்ரோல் காருல பெட்ரோல் ஊறுமா? நீங்க விஞ்ஞானம் படிச்சுக் குடுக்குறவரு, ஒங்களுக்குத் தெரியாததா...

சுகிர்தன்: நான் சமயம் படிப்பிக்கிறனான், தம்பி.

முத்துலிங்கம்: அப்ப சாமி கண்ணத் தொறந்துருச்சுன்னு வச்சிக்கங்க.

நாகலெட்சுமி: சேர், முன்னுக்கு வளைவு! இவரு பேச்சக் கேட்டுக்கிட்டு ஓட்டுனா நேரா பள்ளத்துக்குத்தான் போவீங்க.

முத்துலிங்கம்: என் சம்சாரங்க. இன்னைக்குத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்தெடுக்கப் போகல. கினிகத்தேனையில வேலை இருக்குன்னு பின்னால ஏறிக்கிட்டா. பேசாம வருவா.

சுகிர்தன்: பேசட்டும், பேசட்டும். வாகனத்தைப் பற்றிப் புருசன்மார் சொல்லாததை மனுசிமார்தான் சொல்லுவினம். என்ன தங்கச்சி?

நாகலெட்சுமி: நான் என்னாங்க சேர் சொல்றது? வீட்டுல சார்ஜ் போட்டா லயத்து வரிசையில பாதி காம்பரா வீட்டுக்கு பல்பு மங்கிரும். பக்கத்துக் காம்பரா அழகம்மா நாடகம் பாக்குற நேரமாப் பார்த்துத்தான் இவரு வயரச் சொருகுவாரு. அன்னையில இருந்து அவ எனக்குக் கறிவேப்பிலகூட குடுக்குறதில்ல.

முத்துலிங்கம்: அது லயத்து வயரோட கோளாறுங்க சேர். வெள்ளக்காரன் இழுத்த வயரு. காரு சுத்தம்!

சுகிர்தன்: சரி. ஏத்தத்தில எப்பிடி?

முத்துலிங்கம்: எந்த ஏத்தம்ங்க?

சுகிர்தன்: மலைநாட்டில நிண்டுகொண்டு எந்த ஏத்தம் எண்டு கேக்கிறியள்! நான் லிந்துலையில படிப்பிக்கிறன். அறையும் அங்கதான். ஏறாத வாகனத்தை வாங்கி நான் என்ன, பூ வைச்சுக் கும்பிடுறதோ?

முத்துலிங்கம்: ஏறாம என்னாங்க? ஆடு மாதிரி ஏறும்.

சுகிர்தன்: அப்ப இதில திருப்பட்டோ? திரும்ப வட்டவளை வரைக்கும் ஒருக்கா ஏறிப் பாப்பம்.

முத்துலிங்கம்: இங்கயா? ஐயையோ! பாதி திருப்பையில கொழும்பு பஸ் வந்துச்சுன்னா நம்மள கீழ ஆத்துலதான் பொறுக்கணும். போங்க, போங்க, எடம் வரட்டும்.

சுகிர்தன்: ம்... பனிப்புகார் வேற. கை விறைக்குது. இதில ஹீற்றர் இருக்கோ?

முத்துலிங்கம்: இருக்காவா! அந்தச் செவப்பு சுவிச்ச அமுக்குங்க... எப்புடி?

சுகிர்தன்: ஆ... நல்ல சூடு. நல்ல சூடு.

நாகலெட்சுமி: எனக்கு இந்தக் காருல புடிச்சதே அது ஒண்ணுதாங்க. நாள் பூரா மழையில நின்னுட்டு, கொழுந்து நிறுத்துட்டு வந்து, இதுல அஞ்சு நிமிசம் உக்காந்தேன்னா... கால்ல அட்டை கடிச்சதுகூட மறந்து போகும்.

சுகிர்தன்: பக்கத்தில உந்த நீலச் சுவிச்சு?

முத்துலிங்கம்: ஏசிங்க. போடவா?

சுகிர்தன்: விசரே உமக்கு! ஏற்கனவே மூக்கு ஓடுது.

முத்துலிங்கம்: அதானே. அட்டன்ல எவன் ஏசி போடுறான்... ஏ புள்ள, என்னா இருமுற?

நாகலெட்சுமி: ஒண்ணுமில்ல. தொண்டை.

சுகிர்தன்: பொறுங்கோ, போன் அடிக்குது. ஓரமா நிப்பாட்டுறன்... வீட்டு ஆள்தான். இறங்கிக் கதைச்சிட்டு வாறன்.

நாகலெட்சுமி: ...போயிட்டாரா?

முத்துலிங்கம்: மெதுவாப் பேசு. கண்ணாடி தொறந்திருக்கு.

நாகலெட்சுமி: ஆடு மாதிரி ஏறுமோ? போன மாசம் அந்த ஆடு வட்டவளையில படுத்து, கொழுந்து லொறியில கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்களே. நான் கொடையப் புடிச்சிக்கிட்டு பின்னாலயே நடந்து வந்தேனே, எழவு வீட்டுக்குப் போற மாதிரி...

முத்துலிங்கம்: அத இப்பத்தான் சொல்லணுமா? கங்காணி காலையில பேரு கூப்புடுற பெரட்டுல அத்தன பேரு முன்னுக்கும் கேக்குறாரு, ‘லிங்கம், ஒன் காரு இன்னைக்கு எத்தன கிலோ நிறுத்துச்சு’ன்னு.

நாகலெட்சுமி: நல்லா ஓடுன ஆட்டோவ வித்துட்டு வந்தீங்கள்ல. எட்டு மாசம். மேட்டுல இருக்குற மேல் கணக்கு லயத்துக்கு ஒரு ஹையர் சவாரி ஏற முடியல. அன்னைக்கு நம்ம லயத்து தனுஜாவுக்குப் பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரிக்கு கூப்புட வந்தாங்க, ‘சார்ஜ் இல்ல’ன்னு கதவச் சாத்துனீங்க. அவங்க அந்தப் புள்ளய நாக்காலியில வச்சித் தூக்கிட்டு எறங்குனாங்க. நான் எப்புடிங்க பீலிக்கரையில தண்ணி புடிக்கையில அவங்க மொகத்தப் பாக்குறது?

முத்துலிங்கம்: எனக்கு மட்டும் தூக்கம் வருதா? அதுக்குத்தானே விக்கிறேன். நாலு மணிக்குள்ள காசு போனா, கினிகத்தேனையில ஆட்டோ வாங்கி விக்கிற முதலாளி நம்ம பழைய ஆட்டோவையே திருப்பித் தாரேங்கிறாரு. நாலு தாண்டுனா அத வெல பேசி வச்சிருக்குற கொத்மலைக்காரன் ஓட்டிட்டுப் போயிருவான். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத.

நாகலெட்சுமி: பல்பு மங்குறதச் சொன்னது தப்பா?

முத்துலிங்கம்: நீ மூச்சு விட்டதே தப்பு.

நாகலெட்சுமி: பாவம்ங்க அந்த மனுசன். லிந்துலைக்கு ஏறையில நடுவழியில நின்னுருவாரு. மழை வேற.

முத்துலிங்கம்: ...வாராரு. சிரி.

சுகிர்தன்: சரி தம்பி, எனக்கு நேரமில்லை. ஏறிக் காட்டுறியளோ, இல்லையோ?

முத்துலிங்கம்: மொதல்ல கினிகத்தேனைக்குப் போயி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு, அப்புறமா...

சுகிர்தன்: உங்கட முகத்தைப் பாத்தா ஏறுற வாகனம் மாதிரித் தெரியேல்லை. சரி, ஏற வேண்டாம். ரெண்டு லட்சம் குறையுங்கோ.

முத்துலிங்கம்: ரெண்டா! சேர், இருவதுங்கிறதே அடிமாட்டு வெலைங்க!

சுகிர்தன்: பதினெட்டு. இல்லாட்டித் திருப்புங்கோ, ஏறுவம்.

முத்துலிங்கம்: ...மணி என்னா, லெச்சுமி?

நாகலெட்சுமி: மூணே கால்.

முத்துலிங்கம்: பதினெட்டரைன்னு சொல்லுங்க சேர்...

சுகிர்தன்: பதினெட்டு. கினிகத்தேனையில போய் நிண்ட உடன காசு.

முத்துலிங்கம்: ...சரிங்க. ஒங்க மொகத்துக்காக. நாலு புள்ளைக்குத் தேவாரம் சொல்லிக் குடுக்குறவரு.

நாகலெட்சுமி: அப்ப கொஞ்சம் வெரசா ஓட்டுங்க சேர்.

சுகிர்தன்: வந்திட்டம். இதில, கடையடியில விடுறன்... அனுப்பியாச்சு. வந்ததோ?

முத்துலிங்கம்: போன்ல மெசேஜ் வந்துருச்சுங்க. இந்தாங்க, வண்டிப் புத்தகம். ரெண்டு சாவி. கையெழுத்து எல்லாம் வச்சாச்சு.

நாகலெட்சுமி: போன இங்க குடுங்க, நான் முதலாளிட்ட ஓடுறேன். பத்து நிமிசந்தான் இருக்கு!

முத்துலிங்கம்: பார்த்துப் போ புள்ள, ரோட்டுல பஸ்ஸு!

சுகிர்தன்: என்ன தம்பி, காசு வந்த பிறகும் முகம் கறுத்துப் போச்சு?

முத்துலிங்கம்: ஒண்ணுமில்லைங்க சேர்... ஒண்ணுமில்ல. இன்னைக்கே லிந்துலைக்கு ஏறுவீங்களா?

சுகிர்தன்: ஏன்?

முத்துலிங்கம்: மழையா இருக்கு... நாளைக்கு... சேர், மனசு கேக்க மாட்டேங்குது. இதுல லிந்துலைக்கு ஏறாதீங்க. வட்டவளையிலயே நின்னுரும். பேட்டரி பாதி செத்துருச்சு. திட்டணும்னா திட்டிக்கங்க. காச மட்டும் திருப்பிக் கேக்காதீங்க, அது அந்தா, ஆட்டோவுக்குப் போயிருச்சு.

சுகிர்தன்: தெரியும்.

முத்துலிங்கம்: என்னாங்க தெரியும்?

சுகிர்தன்: கொழுந்து லொறியில கட்டி இழுத்தது. அந்தப் படம் எங்கட ஆசிரியர் வாட்ஸப் குரூப்பில ரெண்டு கிழமை சுத்தினது. பின்னால குடை பிடிச்சுக்கொண்டு தங்கச்சி படத்தில வடிவா விழுந்திருந்தவா.

முத்துலிங்கம்: அடப்பாவி... மன்னிச்சிக்கங்க சேர். தெரிஞ்சா வாங்குனீங்க?

நாகலெட்சுமி: ஏங்க! முடிஞ்சிருச்சு! முதலாளி ஆட்டோவ கையோட ஓட்டிட்டே வந்துட்டாரு, இந்தா சாவி! பின்னால நம்ம பிள்ளையார் ஸ்டிக்கர்கூட உரியல... என்னா இப்புடி நிக்கிறீங்க?

முத்துலிங்கம்: பேட்டரி செத்தது சேருக்கு மொதல்லயே தெரியுமாம்.

நாகலெட்சுமி: தெரிஞ்சுமா?

சுகிர்தன்: அங்க ஒரு லொறி நிக்குதெல்லோ, பச்சைத் தறப்பாளோட? என்ர மச்சான்ர. வெங்காயம் இறக்கிப்போட்டு வெறும் லொறியா யாழ்ப்பாணம் திரும்புது. போன் எடுத்ததும் அவர்தான். காரை அதில ஏத்தப் போறம். எனக்கு ஊருக்கு இடமாற்றம் வந்திட்டுது, தம்பி.

நாகலெட்சுமி: சமயம் படிச்சுக் குடுக்குறவரு பொய் சொல்லலாமாங்க சேர்? லிந்துலைன்னீங்களே!

சுகிர்தன்: பொய் எங்க சொன்னனான்? லிந்துலையில படிப்பிக்கிறன் எண்டன். நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் அது உண்மை.

முத்துலிங்கம்: அப்ப அந்த ரெண்டு லட்சம்...

சுகிர்தன்: ஏத்தத்துக்குக் குறைச்சது. சாவகச்சேரியில ஏத்தமே இல்லை. வீட்டில இருந்து பள்ளிக்கூடம் நாலு கிலோமீற்றர், மேசை மாதிரிக் கிடக்கும். பாதிப் பற்றரி எனக்குத் தாராளம்.

முத்துலிங்கம்: மேசை மாதிரியா! அது தெரியாம ரெண்டு லட்சத்த விட்டுட்டேனே.

சுகிர்தன்: கோவமோ?

முத்துலிங்கம்: கோவம் என்னாங்க. இனி ஒங்களுக்காக ராத்திரி முழிச்சிக் கெடக்க வேணாம்ல, அது போதும்.

நாகலெட்சுமி: சேர்... ஒங்க ஊருல வெயிலு எப்புடிங்க?

சுகிர்தன்: வெயிலோ? அதை ஏன் கேக்கிறியள். சித்திரையில றோட்டுத் தார் இளகிச் செருப்பில ஒட்டும். பத்து வருசம் உந்த வெயிலுக்க சைக்கிள் உழக்கினனான். அதுக்குத்தானே கார்! கண்ணாடியெல்லாம் ஏத்திப்போட்டு, ஏசியைப் போட்டனெண்டால்...

நாகலெட்சுமி: ஏங்க, ஆட்டோவ ஸ்டார்ட் பண்ணுங்க.

முத்துலிங்கம்: ஏறு, ஏறு.

சுகிர்தன்: என்ன தங்கச்சி, முந்தானையால வாயைப் பொத்துறியள்? ஏன் சிரிக்கிறியள்? தம்பி, நில்லும்... ஏசி இருக்குதானே?

முத்துலிங்கம்: இருக்குங்க சேர், நீலச் சுவிச்சு. அதுக்குப் பின்னாலதான் ஒண்ணும் இல்ல. போடவான்னு கேட்டேனே... நீங்கதானே விசரான்னு கேட்டீங்க!