பிச்சிப்பூ யானை

சாயா நன்றாக இருக்கிறது, ஐயா. லாக்கப்பில் கிடப்பவனுக்கு ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொடுக்கிற ஸ்டேஷனை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. புது அரசாங்கம் வந்ததால் இருக்கலாம். போன மாதம் வரை நாமெல்லாம் திரு-கொச்சிக்காரர்கள், இப்போது மதராஸ்காரர்கள். வடசேரி பஸ் மட்டும் அதே நேரத்துக்குத்தான் தாமதமாக வருகிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். பூவிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவைதான்.

என் பெயர் நாராயணபெருமாள், ஊர் தோவாளை. எங்கள் ஊரில் பூ கட்டத் தெரியாதவன் கிடையாது. நான் பூவில் உருவம் கட்டுகிறவன். கல்யாணப் பந்தலுக்கு மயில், கோயில் கொடைக்குச் சிங்கம், சர்ச்சில் அசன விருந்துக்கு ஆட்டுக்குட்டி என்று யார் எதைக் கேட்டாலும் ஆள் உயரத்துக்கு மேல் கட்டித் திறந்த வெளியில் நிறுத்திவிடுவேன். சாமி வேறானாலும் கீழே போகிற வைக்கோல் ஒன்றுதான். ஆனால் ஜனங்கள் உண்மையில் ஆசைப்படுவது யானைக்குத்தான். யானை நின்றால்தான் விழா என்று ஒரு எண்ணம்.

யானை கட்டுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் உங்களுக்கு வசதியாக இருக்கும். முதலில் மூங்கில் கூடு. அதன்மேல் ஓலைப்பாய், பாய்மேல் ஈரவைக்கோல், வைக்கோல்மேல் வாழைமடல், மடலில் நெருக்கமாகப் பூ. கூட்டுக்குள் ஒரு ஆள் குந்தியிருப்பான். துதிக்கையை உள்ளேயிருந்து கயிறு போட்டு இழுத்து ஆட்டுவான், பிளிறுவான், வருகிறவர்கள்மேல் பன்னீர் தெளிப்பான். ஆள் நுழைய வயிற்றில் ஒரு கதவு உண்டு. அதைக் கட்டிய பிறகு அதன்மேலும் பூ வைத்துவிடுவோம், இருப்பது தெரியாது. கட்டுக்கயிற்றின் நுனியை மட்டும் உள்ளே விடுவது வழக்கம். உள்ளே இருப்பவன் ஒரு இழுப்பு இழுத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். மூச்சுக்கு வாய்ப்பக்கம் ஒரு திறப்பு இருக்கும்.

உள்ளே இருந்தவன் குமாரதாஸ், என் மனைவி பகவதியம்மாளின் தம்பி. உருவம் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவன்தான் என் யானையின் உள்ளே. நல்ல பையன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. பஸ் ஹாரன், பிரசங்கியாரின் இருமல், மாமியார்மார் அழுகை என்று எதைக் கேட்டாலும் வாயால் செய்துகாட்டுவான். துதிக்கை வழியாகப் பிள்ளைகளுக்கு மிட்டாய் போடுவான். விழா முடிந்ததும் கூட்டம் அவனைச் சுற்றி நிற்கும். இத்தனை பூவையும் விரல் நோக வைத்தவன் ஓரமாக நின்று வைக்கோல் பொறுக்கிக்கொண்டிருப்பான். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

பிறகு இரணியலில் ஒரு கல்யாணம் வந்தது. நான் கேட்டது வெள்ளை அரளி. வியாபாரி அனுப்பியது ரோஸ் நிற அரளி. முகூர்த்தம் நெருங்கிவிட்டது, வேறு வழியில்லை, ரோஸிலேயே யானை கட்டினேன். வடிவத்தில் ஒரு குறையும் இல்லை, ஐயா. நிறம்தான் முன்பொரு காலத்தில் பங்களாத் துரை வளர்த்த சீமைப்பன்றியின் நிறம். மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார், துதிக்கை உயர்ந்தது, பிளிறல் வரவேண்டிய இடத்தில் உள்ளேயிருந்து உறுமல் வந்தது. பன்றியின் உறுமல். மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மாப்பிள்ளையின் அப்பா பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். குமாரதாஸ் என் தோளில் கைபோட்டுச் சொன்னான். "அத்தான், சவம், ரோஸ்ல எங்கயாச்சும் யானை உண்டுமா? நான் உறுமல்லன்னாலும் அவிய பன்னின்னுதான் சொல்லியிருப்பாவ. முந்திக்கிட்டு நாமளே சொல்லிட்டா வேடிக்கையாப் போச்சுல்லா."

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான். கல்யாண வீட்டார் கோபிக்கவில்லை, எங்கள் இருவருக்கும் பாயசம் இரண்டாம் தடவை ஊற்றினார்கள். ஆனால் அன்றிலிருந்து நான் பன்னிக்காரர். சந்தையில் பன்னிக்காரர். தெருவில் பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் உறுமினார்கள். ஒரு நாள் பகவதியம்மாள் அடுக்களையிலிருந்து, "பன்னிக்காரருக்குச் சோறு போடட்டா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அன்று நான் சாப்பிடவில்லை, அதையும் யாரும் கவனிக்கவில்லை.

இந்த நவம்பரில், நம் பக்கம் மதராஸோடு சேர்ந்ததற்கான இணைப்பு விழா வந்தது. எங்கள் பக்கத்து விழாக் கமிட்டியின் தலைவர் தங்கையன், பாத்திரக்கடைக்காரர். சருவத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல மனிதரையும் தட்டித்தான் பேசுவார். என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, சென்னையிலிருந்து பெரிய பிரமுகர் வருகிறார், மைதான வாசலில் வெள்ளை யானை நிற்கவேண்டும், பன்றி கின்றி ஆகிவிடக்கூடாது என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். குமாரதாஸும் சிரித்தான்.

நான் பிச்சிப்பூவை எடுத்தேன். முழு யானையும் பிச்சி மொட்டு. காலையில் மொட்டாக வைத்தால் சாயங்காலம் யானை உடம்பு முழுக்க விரியும். அப்படி ஒன்றை அதுவரை யாரும் கட்டியதில்லை. கொம்புக்கு வாழைத்தண்டைச் சீவினேன். கமிட்டிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, ஓய், இது யானையேதான் என்றார்கள்.

இந்தத் தடவை சில சின்ன மாற்றங்கள் செய்தேன். வாய்ப்பக்கத் திறப்பை மூடினேன். குமாரதாஸ்தான் முன்பு சொல்லியிருக்கிறான், அந்த ஓட்டையால்தான் மூஞ்சி பன்றிமாதிரி தெரிகிறது என்று. அவன் யோசனையைத்தான் நான் கேட்டேன். துதிக்கை நுனியில் ஒரு தாமரை மொட்டு செருகினேன், அழகுக்கு. பிறகு, யானை சாம்பிராணிப் புகை விடட்டுமே என்று உள்ளே ஒரு கரிச்சட்டி வைத்தேன். துதிக்கையை அடைத்துவிட்டுப் புகையை எந்த வழியாக வரச்சொன்னாய் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சட்டி வேண்டும் என்று கமிட்டி கேட்கவில்லை. கரியை நானே ஊதிக் கொடுத்தேன்.

குமாரதாஸ் சந்தோஷமாக இருந்தான். அவன் மனைவி முத்துக்கனிக்கு நிறைமாதம். விழா முடிந்ததும் அவளைப் பேறுகாலத்துக்கு அவள் அம்மா வீட்டில் கொண்டுவிடவேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகாமல் விட்டுவிடுங்கள் என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தான். அவளும் மைதானத்துக்கு வந்து, துணி மூட்டையோடு வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நுழைகிறபோது அவன் கண்ணைச் சிமிட்டினான். "அத்தான், இன்னைக்குப் பிளிறட்டா, உறுமட்டா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டான். அது எனக்கும் தெரியும்.

பிறகு, "கயித்து நுனிய உள்ள விட்டிருக்கியளா?" என்றான். கயிற்றின் நுனி அவன் கையில் இருந்தது. "விட்டிருக்கேன் மக்கா" என்றேன். அது வெறும் துண்டுக் கயிறு. கதவை வேறு கயிற்றால் வெளியில் முடிந்தேன், நல்ல நனைந்த கயிறு, காயக்காய இறுகும். அதன்மேல் பூ வைத்தேன். அந்த இடத்தில் வைத்த பூதான் அந்த யானையிலேயே நேர்த்தி.

பிரமுகர் வரவில்லை. வழியெல்லாம் வரவேற்பாம், எல்லா முக்கிலும் மாலையாம். ஒலிபெருக்கியில் தமிழ் வாழ்க, தமிழ் வாழ்க என்று ஒருவர் அலறிக்கொண்டிருந்தார். தமிழே காதைப் பொத்திக்கொண்டிருக்கும். முதலில் துதிக்கை அழகாக ஆடியது. கொஞ்ச நேரத்தில் யானையின் வயிற்றுப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டான். நான் வாழைமடலில் காதை வைத்தேன்.

"அத்தான், மூச்சு முட்டுது. கயிறு இழுபடல்ல. ஒண்ணு தொறந்து விடுங்க."

"பொறு மக்கா, கார் வந்தாச்சு" என்றேன்.

கார் வரவில்லை. எங்கே வருகிறது என்றுகூட யாருக்கும் தெரியாது. திறக்கலாம்தான், கையில் கத்தி இருந்தது. திறந்தால் வயிற்றுப் பூ முழுக்க உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு துதிக்கை மிகவும் வேகமாக ஆடியது. தலையே குலுங்கியது. ஜனங்கள் கைதட்டினார்கள், யானைக்கு மதம் பிடித்துவிட்டது என்று பிள்ளைகள் குதித்தார்கள். இதுவரை குமாரதாஸ் அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை என்று தங்கையன் சொன்னார். புகை ஏன் வரவில்லை என்று மட்டும் குறைப்பட்டார். பொறும், வரும் என்றேன்.

பிறகு துதிக்கை நின்றது. முத்துக்கனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "அண்ணே, ஏன் ஆட மாட்டேங்கு? ஒரு சத்தமும் இல்லியே" என்றாள். பெரிய மனிதர் வருகிற நேரம், யானை அடங்கித்தான் நிற்கவேண்டும், நீ போய் உட்கார் மக்களே என்றேன். அவள் போனாள், பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் பிச்சி விரியத் தொடங்கியது. காதில் முதலில், அப்புறம் முதுகில், அப்புறம் வயிற்றில். மைதானம் முழுக்க வாசனை. நான் பிறந்ததிலிருந்து அவ்வளவு நிம்மதியாக ஓரிடத்தில் நின்றதில்லை.

கடைசியில் பிரமுகர் வந்தார். கழுத்தில் மாலை, முகத்தில் தூக்கம். நேராக யானையிடம் வந்து நின்றார். இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும், ஐயா. துதிக்கை ஒரு கயிற்றில்தான் நிற்கிறது. கயிறு குமாரதாஸின் கையில் இருக்கிறது. கை விட்டுப் போனதால் துதிக்கை மடிந்து தாடைக்கடியில் போய்விட்டது. முன்னால் தெரிந்தது வட்ட மூஞ்சியும் இரண்டு கொம்பும் மட்டும். பிரமுகர் பார்த்தார், ஒரு அடி பின்னால் போய் மறுபடியும் பார்த்தார். பிறகு தங்கையனிடம் திரும்பி, "வராக அவதாரமா? ரொம்பத் தத்ரூபம்" என்றார்.

மைதானம் சிரித்தது. தங்கையன் சிரித்தார், மேளக்காரர் சிரித்தார். குமாரதாஸ் மட்டும்தான் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் கயிற்றைப் பிடித்திருக்கக் கூடாதா அவன்? இத்தனை வருஷம் பழகியும் என்னை நட்டாற்றில் விட்டுவிட்டான்.

முத்துக்கனிதான் அலறிக்கொண்டு வந்து பூவைப் பிய்த்தாள். மூங்கில் பக்கம் பிய்க்காதே, கட்டு உள்ள இடத்தில் அறு என்று நான் சொன்னேன். கத்தியையும் கொடுத்தேன். அதை யாரும் வாக்குமூலத்தில் சேர்க்கவில்லை.

ஏட்டையா எழுதியதை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். நாராயணபெருமாளாகிய நான் திட்டமிட்டு, கதவை வெளியில் முடிந்து, கரிச்சட்டி வைத்து, மைத்துனன் குமாரதாஸைக் கொன்றேன் என்று இருக்கிறது. முழுக்க உண்மை, ஒரு எழுத்தும் மாற்றவேண்டாம். தூக்குக்கு அனுப்பினாலும் ஆட்சேபணை இல்லை. முத்துக்கனிக்கு ஆண் குழந்தை என்று ஏட்டையா சொன்னார், நல்ல விஷயம்.

ஒரே ஒரு இடம்தான். பிணம் கிடந்த இடத்தைச் சொல்கிறபோது உங்கள் ஏட்டையா 'பூப்பன்றியின் வயிற்றுக்குள்' என்று எழுதியிருக்கிறார். அதை அடித்துவிட்டு யானை என்று எழுதுங்கள். அதுவரை நான் கையெழுத்துப் போடமாட்டேன்.